காய்ச்சல்காரனுக்கு எடுத்துவைத்த பங்கு

முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, பேனாவை எடுத்து, முதல் வரியை எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. வருஷக்கணக்காக அப்படியே போய்விட்டது. எழுதினால் அந்தப் பிள்ளையின் பேர் மறுபடி ஊர் வாயில் விழுமோ என்று பயம். எழுதாமல் விட்டால் ஏற்கெனவே விழுந்தது விழுந்தபடியே கிடக்குமே என்று அதைவிடப் பயம்.

போன மாதம் எங்கள் தோட்டத்து முன்பள்ளிக்குப் புதிதாய் வந்த டீச்சர் என்னைத் தேடி வந்தது. நல்ல பிள்ளை. கையில் வழுவழுப்பான படப் புத்தகங்கள்.

"பாருங்க ஆயாம்மா, பங்கு போட்டுச் சாப்பிடுறது, கூட்டாளியா இருக்கிறது, எல்லாம் இப்ப படத்துலயே சொல்லிக் குடுக்கிறோம். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?"

"இருந்திச்சும்மா," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது. "இங்கதானாமே, மந்திரக்காரி மக ஒண்ணு நாலு வயசுலயே புள்ளைங்களுக்கெல்லாம் விஷம் வச்சது? மெய்யாவா?"

அந்தப் பிள்ளை இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய் இத்தனை காலம் ஆகியும், அது போகும்போது பிறந்திராத ஒரு பெண் அதை எனக்கே வந்து சொல்கிறது. சாமியிடம் உத்தரவு கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவள் நான்.

நான் தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்புவரை படித்தவள். கலியாணமாகி பசறைப் பக்கம் உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சில வருஷம் கொழுந்து எடுத்தேன். பிறகு, தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்கு ஆயாவாக என்னைப் போட்டார்கள். வேலை பழக்கியவர் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைக் காம்பராவும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. பால்மாவை எப்படிக் கரைப்பது, போத்தலை எப்படி அவிப்பது, மூக்கு ஒழுகும் பிள்ளையை எங்கே தனியாகப் போடுவது என்று எல்லாம் அவர் காட்டிக்கொடுத்ததுதான்.

அவர் மாதிரி ஒரு ஆளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. குடையை மடக்கி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாத்திவிட்டு, நான் "வாங்க ஐயா" என்று சொல்லும்வரை உள்ளே கால் வைக்க மாட்டார். வந்ததும் கையைக் கழுவுவார். போத்தல்களை ஒவ்வொன்றாக மூக்கருகில் கொண்டுபோய் மணந்து பார்ப்பார். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போடாததாலேயே எனக்கு அவரிடம் அவ்வளவு பயம். "தெரியாதெண்டால் தெரியாதெண்டு சொல்லும் பிள்ளை. ஊகிச்சு மாத்திரம் சொல்லாதையும். ஊகத்துக்கு நான் மருந்து குடுக்க ஏலாது," என்பார்.

அவருடைய சட்டங்களில் ஒன்று, காய்ச்சல் பிள்ளையை உள்ளே எடுக்கவே கூடாது. விடியற்காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் தாய்மார் வரிசையாய் நிற்பார்கள். படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒன்று. நான் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். சுட்டால் திருப்பிவிட வேண்டும். திருப்பிவிட்டால் அந்தத் தாய்க்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. அதனால் சிலபேர் என்ன செய்வார்கள் என்றால், பிள்ளையை லயத்து வரிசைவீட்டில் தங்கள் காம்பரா அறைக்குள் படுக்கவைத்து, வெளியே பூட்டிவிட்டு மலைக்குப் போவார்கள். தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. வெளியே விட்டால் அடுப்பு இருக்கிறது, தண்ணீர் கொட்டுகிற பீலி இருக்கிறது, றோட்டில் லொறி இருக்கிறது. பூட்டினால் பிள்ளை இருந்த இடத்தில் இருக்கும். அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

தோட்டம் அரசாங்கத்துக்கு மாறிச் சில வருஷம் கழித்து, பதுளையிலிருந்து ஒரு மிஸ் வந்து படப் புத்தகங்கள் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்து வேறு பாஷை. படம் மட்டும் நமக்கு. அதில் ஒன்று அணில் கதை. அந்த அணிலுக்குக் கோடு கிடையாது. செம்பட்டை நிறம், வால் மட்டும் கொழுந்துக் கூடை அளவு.

"ஆயாம்மா, இதுக்குக் கோடு எங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"அது குளிர் ஊரு அணிலு. கம்பளி போத்தியிருக்கு. கோடு உள்ளுக்குள்ள இருக்கு," என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

எழுத்து தெரியாததால் கதையை நானே கட்டினேன். அணில் ஒரு மரத்தடியில் கொட்டை பொறுக்குகிறது. கூட்டாளிகள் வருகிறார்கள், ஒரு எலி, ஒரு குருவி, ஒரு முயல். அணில் ஒவ்வொன்றாக உடைத்து "இந்தா உனக்கு, இந்தா உனக்கு" என்று கொடுக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு கொட்டையை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, கூட்டில் படுத்திருக்கும் இன்னொரு கூட்டாளியிடம் போகிறது. "அது யாருக்கு?" என்று நான் கேட்பேன். எல்லாம் ஒரே குரலில் "காச்சக்காரனுக்கு!" என்று கத்தும். அந்தப் பக்கம் வந்தால்தான் அவர்களுக்குக் கதை முடிந்த மாதிரி. அந்தக் கொட்டை என்ன கொட்டை என்று எனக்கும் தெரியாது. மேலே கறுத்த ஓடு, உள்ளே வெள்ளைப் பருப்பு. நம் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை.

சரசுதான் நான் சொல்ல வந்த பிள்ளை. வயது நாலு. அவள் அம்மா பேச்சி கொழுந்து எடுக்கிறவள். பிள்ளைகள் பயந்து அழுதால் தண்ணீர் மந்திரித்துக் கொடுப்பாள், திருநீறு போடுவாள். அதற்கு ஒரு சதம் வாங்க மாட்டாள்.

அன்றைக்கு நல்ல வெயில். பால் கொடுத்து முடித்து, கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். பெரிய பிள்ளைகள் கண்ணுக்கு எட்டாத பின் இஸ்தோப்பில் உட்கார்ந்து விளையாடுவது கேட்டது. "இந்தா உனக்கு, இந்தா உனக்கு" என்று சரசுவின் குரல். கல்லால் எதையோ தட்டுகிற சத்தம். வழக்கமாகக் கூழாங்கல்லை வைத்து அந்த விளையாட்டு விளையாடுவார்கள். மத்தியானம் தாய்மார் வந்து பால் கொடுத்து, சோறு ஊட்டிவிட்டு, மறுபடி மலைக்குப் போனார்கள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பிள்ளை. அதைத் தூக்குவதற்குள் மூலையில் இன்னொன்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுகிறது. கண்ணெல்லாம் உள்ளே போகிறது. கூட்டுகிற வள்ளியக்காவை டிஸ்பென்சரிக்கு விரட்டினேன். "மாரியாத்தா, ஒண்ணையும் எடுத்துக்காத, ஒண்ணையும் எடுத்துக்காத" என்று வாய்விட்டு அழுதேன். அதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள். அத்தனை அழுகைக்கும் நடுவில் சரசு மட்டும் ஒன்றும் ஆகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஐயா ஓடித்தான் வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அன்றைக்கு "வாங்க" என்று நான் சொல்லவும் இல்லை, அவர் நிற்கவும் இல்லை.

"என்ன திண்டவை?"

"தெரியாதுங்க ஐயா."

"கண்டீரோ?"

"காணலைங்க. தட்டுற சத்தம்தான் கேட்டிச்சு. பின் இஸ்தோப்புல."

அவர் பின்னால் போனார். கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த கறுப்பு ஓட்டைப் பொறுக்கி மணந்தார். முகம் வெளுத்தது.

"காட்டாமணக்கு."

வேலிக்கு நட்டிருக்கிற செடி. குச்சியை வளைத்து, அதன் பாலைத் தொட்டு ஊதினால் குமிழி குமிழியாய் வரும். எங்கள் பிள்ளைகள் தினமும் ஊதுகிறதுதான். பச்சைக் காயைக் கடித்தவர்கள் கசப்பென்று துப்பிவிடுவார்கள். காய்ந்து வெடித்த காயின் விதைக்குள் இருக்கிற பருப்பு நிலக்கடலை மாதிரி இனிக்கும் என்பது யாருக்குத் தெரியும்? படத்தில் இருந்த மாதிரியே கறுத்த ஓடு, வெள்ளைப் பருப்பு. காலையில் வருகிற வழியில் சரசு பாவாடை மடியில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஐயா அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். பின்னால் பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, ஏதோ பேர் கேட்கிற மாதிரி மெதுவாய்க் கேட்டார்.

"பிள்ளை, நீர் எத்தினை திண்டனீர்?"

"நான் திங்கலை."

"ஏன் திண்ணேல்லை?"

"முடிஞ்சு போச்சு."

"ஆராருக்குக் குடுத்தனீர்?"

அவள் விரலை நீட்டி ஒவ்வொருவராய்க் காட்டினாள். காட்டக் காட்ட அவர் அந்தப் பிள்ளையைத் தூக்கி ஒரு பக்கம் இருத்தினார். பிறகு அவள், "மாரியண்ணனுக்கு" என்றாள். மாரி அங்கே இல்லை. "காச்சக்காரனுக்கும் குடுத்தேன். மாரியண்ணன்கிட்ட இலையில சுத்திக் குடுத்தேன். என்கிட்ட கடைசியா இருந்தது அதுதான்."

மாரியின் தம்பி ராசு. ரெண்டரை வயது. மூன்று நாளாய்க் காய்ச்சல். அன்று காலையும் அவன் நெற்றியில் கை வைத்து நான்தான் திருப்பிவிட்டேன். மத்தியானம் அவர்கள் அம்மா கன்னியம்மா வந்து, "தம்பி தனியா கிடக்கான், துணைக்கு இருக்கட்டும்" என்று மாரியையும் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேரையும் உள்ளே வைத்துப் பூட்டியிருப்பாள்.

ஐயா என்னைப் பார்த்தார். "நீர் ஓடும். நான் இவையளை விட்டிட்டு வர ஏலாது. வள்ளி மலைக்குப் போய்த் தாயைக் கூட்டி வரட்டும். ஓடும்!"

கீழே இருக்கிற பணிய லயத்துக்குத் தேயிலைக்குள் குறுக்குப் பாதை. விழுந்து எழும்பி ஓடினேன். வேலை நேரத்தில் லயத்தில் ஒரு சனம் இருக்காது. கோழி மேய்கிற சத்தம் மட்டும். கன்னியம்மா காம்பரா வாசலில் பெரிய பூட்டு தொங்கியது.

"மாரி! டேய் மாரி!"

"ஆயாம்மா, கதவு பூட்டியிருக்கு. அம்மாகிட்டதான் சாவி."

"சரசு குடுத்த கொட்டை எங்கடா?"

"என் பங்கை அங்கயே தின்னுட்டேன். இது தம்பி பங்கு."

"தம்பி தின்னுட்டானா?"

"தூங்கினான். இப்பதான் எழுப்பினேன்."

"குடுக்காதடா! தூக்கிப் போடுடா அதை!"

என் கத்தலில் பிள்ளை மிரண்டுவிட்டது. "நான் திருடல, சரசுதான் குடுத்திச்சு, தம்பிக்குத்தான் குடுத்திச்சு" என்று அழுதான். அழுகைக்கு நடுவில் வாந்தி எடுக்கிற சத்தம். கதவை மோதினேன். பலகை அசையவில்லை. இனிமேல் கத்தினால் அவன் பயந்துபோய் இருப்பது முழுவதையும் தம்பி வாயில் அடைத்துவிடுவான் என்று எனக்குப் பட்டது. பிள்ளைகள் அப்படித்தான். பறிக்க வருகிறார்கள் என்றால் வாயில்தான் ஒளிப்பார்கள்.

கதவுக்கும் தரைக்கும் நடுவில், தரை தேய்ந்து, ஒரு விரலிடை இருந்தது. குப்புறப் படுத்து வாயை அங்கே வைத்தேன். முருகா என்று மனதில் சொல்லிக்கொண்டு, கதைக்கு நான் பேசுகிற அந்தக் கீச்சுக் குரலை வரவழைத்தேன்.

"மாரி... மாரி... நான் அணிலு வந்திருக்கேன்."

அழுகை நின்றது.

"நீங்க ஆயாம்மா."

"ஆயாம்மா போயிட்டாங்க. நான் அணிலு. எனக்குப் பசிக்குது."

"கோடு இருக்கா?"

"இல்ல. கம்பளி போத்தியிருக்கேன்."

காதை இடுக்கோடு ஒட்டிவைத்தேன். பிறகு இடுக்கு வழியாக ஒரு கொட்டை உருண்டு வந்தது. "இந்தா உனக்கு," என்றான்.

கும்பிட்டுக்கொண்டு எடுத்தேன். உடனே உள்ளே அதே குரல், "இந்தா தம்பிக்கு" என்றது.

அவன் பங்கு போடுகிறான். நான் பழக்கியபடியே, ஒன்று எனக்கு, ஒன்று தம்பிக்கு.

இன்னொன்று வந்தது. "இந்தா உனக்கு." பிறகு, "இந்தா தம்பிக்கு. வாயைத் திறடா."

"மாரி, மாரி! அணிலுக்குத் தம்பி குடுக்கட்டும். தம்பி கையால வாங்கினாத்தான் அணிலு போய் மருந்து கொண்டுவரும். வாயில இருக்கிறதையும் குடுக்கச் சொல்லு. எல்லாம் குடுக்கச் சொல்லு. அணிலுக்கு ரொம்பப் பசி."

உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம். மாரி தம்பியைப் பாயோடு இழுத்திருக்கிறான். பிறகு கதவுக்கடியில் நாலு சின்ன விரல்கள் வந்தன. நெருப்பாய்ச் சுட்டன. விரல்களுக்குள் ஒரு கொட்டை, எச்சில் ஈரத்தோடு. அதை வாங்கி, "இன்னொண்ணு" என்றேன். அதுவும் வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் பல் தடம் இருந்தது. ஓடு உடையவில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குக் கடிக்கத் தெம்பு இல்லை.

"இன்னும் இருக்கா மாரி?"

"முடிஞ்சு போச்சு," என்றான். அதற்கு மேல் அவன் குரல் கேட்கவில்லை.

அந்தச் சின்ன விரல்களை நான் விடவில்லை. பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். கன்னியம்மா தேயிலைக்குள்ளிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "ஆயாம்மா, உள்ள சத்தம் வருதா? சத்தம் வருதான்னு சொல்லுங்க!" இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். நான் வாங்கித் திறந்தேன். மாரி வாந்தியில் கவிழ்ந்து கிடந்தான். ஒன்றை அவள் தூக்கினாள், ஒன்றை நான் தூக்கினேன்.

ஐயா உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்து, பிறகு தண்ணீரும் கஞ்சித் தெளிவும் வாயில் விட்டு, எல்லோரையும் தோட்டத்து லொறியில் ஏற்றினார். பதுளை ஆஸ்பத்திரி போகும்வரை ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பிள்ளையின் மூக்கிலும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாரிக்குத்தான் மோசம். கண் செருகிப்போய்க் கிடந்தான். ஊசி வழியாய் உடம்பில் தண்ணீர் ஏற்றினார்கள். ஒரு உயிரும் போகவில்லை. அது மாரியாத்தா போட்ட பிச்சை. மொத்தத்தையும் ஒரே பிள்ளை தின்றிருந்தால் காப்பாற்றியிருக்க ஏலாது, பங்கு போட்டதால்தான் பிழைத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதாக ஐயா என்னிடம் சொன்னார்.

அந்தப் பேச்சு தோட்டத்துக்கு வரவில்லை. வேறு பேச்சுதான் வந்தது. பீலியடியில் தொடங்கியது.

"எல்லாப் புள்ளையும் வாந்தி எடுத்துச் சாகக் கிடந்திச்சு. மந்திரக்காரி மக மட்டும் கல்லு மாதிரி நின்னிருக்கா பாரு."

"திங்கக்கூடாதுன்னு ஆத்தாக்காரி சொல்லி அனுப்பியிருப்பா."

நான் நடந்ததைச் சொன்னேன். "அவகிட்ட முடிஞ்சு போச்சுடி, அதான் திங்கலை" என்றேன். "நீங்க உங்க காம்பராவைக் காப்பாத்தப் பேசுறீங்க" என்றார்கள். ஐயாவும் சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நாளில் அவருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. பேச்சி பீலிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவள் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. மந்திரித்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பிள்ளைக் காம்பராவில் அதைவிடக் கொடுமை. சரசு கையால் எதையும் வாங்கக் கூடாது என்று தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு மத்தியானம் அவள் ரொட்டியைப் பிட்டு, "இந்தா உனக்கு" என்று மாரியிடம் நீட்டினாள். அவன் கையை நீட்டினான். கன்னியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். நான் கதவுக்கடியில் படுத்துக் கிடந்ததைக் கண்ணால் கண்டவள் அவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கண்ணில் இருந்ததும் பயம்தான், என்னிடம் இருந்த அதே பயம். சரசு நீட்டிய கையை மடக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நான் போய் அந்த ரொட்டித் துண்டை வாங்கி, அத்தனை தாய்மாரும் பார்க்க, வாயில் போட்டு மென்றேன். அன்றைக்குப் பிறகு அவள் யாருக்கும் எதையும் நீட்டவில்லை. தன் ரொட்டியைத் திரும்பி உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு தின்பாள்.

அடுத்த வருஷம், தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில், பேச்சி குடும்பத்துக்கும் பாஸ்போர்ட் வந்தது. பதுளையில் ரயிலேற்றிவிட யாரும் போகவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் போனோம்.

அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ. பிள்ளை குட்டி இருக்கும். அதுகளுக்கு ஒரு பண்டத்தை எடுத்துக் கொடுக்கும்போது அவள் கை கூசுமோ என்று சாமி கும்பிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கதை உங்கள் தோட்டத்திலும் யாராவது சொல்வார்கள். சொன்னால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் சேர்க்காதீர்கள், அவளைத் தெய்வப் பிள்ளையாக்கிவிடாதீர்கள். மந்திரக்காரி மகள் என்று ஆக்கியதும் அப்படி ஆள் ஆளுக்கு ஒன்று சேர்த்துத்தான். நாலு வயதுப் பிள்ளை. இருந்ததை எல்லாருக்கும் கொடுத்தது. கடைசியாய் இருந்தது காய்ச்சல்காரனுக்குப் போனது. அவளுக்கு மிஞ்சவில்லை, அதனால் அவள் தின்னவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவையும் அப்படியே சொல்லுங்கள்.